ஊட்டிவிடுகிறவர்கள் கவனத்திற்கு

உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். ரொம்ப வலித்ததா, எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டீர்கள், எவ்வளவு செலவு, யார் வைத்த செய்வினை. ஒருவர்கூட, அத்தனை மாதம் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொழுது சாயும்வரை உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன். அந்த வியாதியில் வலியும் இருந்தது, பயமும் இருந்தது. ஆனால் என்னைப் பாடாய்ப் படுத்தியது சோறுதான். சோற்றின் மேல் பழி போடக் கூடாது. சோறு ஊட்டியவர்கள்தான்.

எங்கள் வீடு சந்தவாசலில். நான் மலைக்கு ஏறும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். எண்பதுகளின் தொடக்கம் அது. புளி மூட்டையும் பலாப்பழமும் கோழியும் ஆளும் சம அளவில் ஏறும் வண்டி. அந்தக் கூட்டத்தில் நாள் முழுக்கக் கத்தி, டிக்கெட் கிழித்து, விசில் ஊதிப் பழகிய உடம்பு. ஒரு முறை நான்கு நாள் வயிற்றுப்போக்கு வந்து, நின்று, வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அடுத்த வாரம் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. செருப்பைக் குறை சொன்னேன். பிறகு டிக்கெட் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பிரிக்க விரலில் பிடி இல்லை. ஒரு நாள் காலை அத்திமூர் தாண்டி வண்டியை நிறுத்த விசிலை வாயில் வைத்தேன். காற்று உதட்டோரமாக ஒழுகிப் போனது, சத்தம் வரவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று அவருக்கு நினைப்பு. இறங்க வேண்டிய அம்மாள் என்னைத் திட்டிக்கொண்டே அடுத்த வளைவில் இறங்கினாள்.

இரண்டு நாளில் நடை போயிற்று. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், கால் துள்ளவே இல்லை. முதுகெலும்பின் இடையில் ஊசி குத்தி அங்கே இருக்கும் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். என்னை இறால் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொண்டு குத்தினார்கள், அந்த வலியை விட அப்படிப் பிடிக்கப்பட்டதுதான் அவமானமாக இருந்தது. வியாதிக்கு இரண்டு வெள்ளைக்கார டாக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்போது இருந்த வாயில் என் பெயரையே சொல்ல முடியாது. ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பைக் காப்பதற்கென்று இருக்கும் சக்தி, தவறாகப் புரிந்துகொண்டு சொந்த நரம்புகளின் மேலேயே பாய்கிறதாம். கரண்ட் ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் உறை உண்டு, அது உரிந்துபோனால் மூளை சொல்வது கைகாலுக்கு வந்து சேராது. உறை திரும்ப வளரும். ஆனால் அதற்கு அவசரம் என்பதே தெரியாது.

மூச்சு நின்றுவிடுமோ என்று சில நாட்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்தார்கள். நிற்கவில்லை. ஆபத்து தாண்டியதும், இனி மருந்தைவிடச் சாப்பாடும் பொறுமையும்தான் வேண்டும், அதற்கு மலை மேல் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே மாதக்கணக்கில் தங்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். நான் தினமும் பஸ் நிறுத்தி ஆள் இறக்கிவிட்ட ஆஸ்பத்திரிதான் அது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பெரிய கட்டடத்துக்குப் பின்னால் ஓடு வேய்ந்த நீளமான வார்டு ஒன்று. வீட்டுக்குப் போக முடியாதவர்கள், வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாதவர்கள், என்னைப்போல நரம்பு வளரக் காத்திருப்பவர்கள் எல்லோரும் அங்கே. பின்பக்கம் உறவுக்காரர்கள் சமைத்துக்கொள்ள ஒரு கொட்டகை. சந்தவாசலில் வீட்டைப் பூட்டிவிட்டு என் மனைவி சரசு ஸ்டவ்வும் இரண்டு பாத்திரமுமாக அங்கே குடிவந்தாள்.

சரசு நல்லவள். இதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன். இனி வரப்போவதைப் படித்தால் அவளுக்குக் கோபம் வரும்.

எனக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை, வாயும் தொண்டையும் பாதிதான் வேலை செய்தன, ஆனால் புத்தி முழுசாக இருந்தது. இது ஒருவருக்கும் நினைவில் நிற்கவில்லை. சரசு எனக்கு ஊட்டுவது, பஸ் கிளம்பப் போகிறது என்று யாரோ சொன்ன மாதிரி இருக்கும். ஒரு வாய் உள்ளே இறங்குவதற்குள் அடுத்த வாய் முகவாய்க்கட்டையில் வந்து காத்திருக்கும். யாராவது பார்க்க வந்துவிட்டால் போச்சு. கவளத்தைக் கையில் எடுத்து, அதை என் மூக்குக்கு நேரே நிறுத்திவைத்துக்கொண்டு, வந்தவரிடம் என் வியாதியின் கதையை முதலிலிருந்து தொடங்குவாள். நான் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பேன். இன்னொன்றும் உண்டு. கவளம் என் வாயை நோக்கி வரும்போது அவள் வாயும் தானாகத் திறக்கும். நான் மூடினால் அவளும் மூடுவாள். மூன்று வேளையும் அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எனக்குக் கல்யாணமே வெறுத்துப்போனது.

தண்ணீர் அதைவிட மோசம். எங்கள் பக்கத்தில் யாரும் டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்க மாட்டார்கள். எச்சில் பட்டுவிடும். அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் முறை. அதே முறையில் சரசு என்னை மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு சாண் உயரத்திலிருந்து காப்பியைத் தொண்டைக்குள் ஊற்றினாள். புரையேறி மூக்கிலெல்லாம் வந்து, கண் பிதுங்கி, நான் போய்ச் சேர்ந்தேன் என்றே நினைத்தேன். அவள் என் தலையைத் தட்டிக்கொண்டே, யாரோ நினைக்கிறார்கள் என்றாள்.

அன்றைக்கு அங்கே இருந்த டாக்டரம்மா ஓடிவந்தார். இளம் வயது, ஒல்லியான உருவம், நாள் முழுக்க அரைச் சாப்பாட்டில் ஓடுகிறவர். தொண்டையில் இரண்டு வழி இருக்கிறது, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நுரையீரலுக்கு. தொண்டை பலவீனமாக இருக்கும்போது தண்ணீர்போல ஓடுகிற எதுவும் தப்பான வழியில் போய்விடும், அது சளியும் காய்ச்சலுமாகி உயிரையே எடுக்கும் என்றார். நிமிர்த்தி உட்காரவையுங்கள், தலையைக் கொஞ்சம் முன்னால் சாயுங்கள், டம்ளரை உதட்டில் வையுங்கள், சின்ன வாயாகக் கொடுத்து அது இறங்கும்வரை காத்திருங்கள் என்று சொல்லி, செய்தும் காட்டினார். சரசு அவர் போகும்வரை தலையாட்டிவிட்டு, "எச்சப் பண்ணியா குடிக்கிறது?" என்று என்னைக் கேட்டாள். என் எச்சில், என் டம்ளர், நான் குடிக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வாய் இருந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

சரசு இல்லாத வேளைகளில் வார்டு ஆயா பச்சையம்மா ஊட்டுவாள். கை வராதவர்கள் எல்லோருக்கும் அவள் ஒருத்திதான், அதனால் அவளைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சோறு, சாம்பார், கீரை, மோர், வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டுப் பிசைந்துகொண்டு கட்டில் கட்டிலாக வருவாள். வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே என்பது அவள் வாதம். அவளிடம் அப்படி யாராவது பிசைந்து கொடுத்தால் சாப்பிடுவாளா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஊட்டி முடித்ததும் படுக்கை விரிப்பின் ஓரத்தால் என் வாயைத் துடைத்துவிட்டு, என் தலைக்கு மேலே பார்த்து, "கண்டக்டரு சாப்ட்டாரு, வெளிக்கிதான் போவல" என்று வார்டு முழுக்க அறிவிப்பாள். நான் பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைக்கூட அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

பக்கத்துக் கட்டிலில் வெள்ளையன் என்று ஒரு மலைக்காரர். வயதானவர். சாமையும் கேழ்வரகும் விளைத்துப் பிழைத்தவர், பக்கவாதம் வந்து படுத்தவர். மூளையின் இடப்பக்கத்துக்குப் போகிற ரத்தம் அடைபட்டால் உடம்பின் வலப்பக்கம் விழுந்துவிடும், பேச்சும் அந்தப் பக்கத்தில்தான் இருப்பதால் அதுவும் போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னார். அவருக்கு இரண்டும் போயிருந்தது. நாம் சொல்வது புரியும், பதில் வராது. இடது கையும் இடது காலும் நன்றாக இருந்தன.

அவர் சாப்பிட மாட்டேன் என்றார். வாயால் அல்ல. கோதுமைக் கஞ்சியோடு பச்சையம்மா வந்து உட்கார்ந்தவுடன் இடது கையை முன்னால் நீட்டுவார். அவள், "பீச்சாங்கைய நீட்டாத பெருசு" என்று அதைத் தட்டி இறக்குவாள். அவர் மறுபடி நீட்டுவார். அவள் மறுபடி இறக்குவாள். அதற்குப் பிறகு அவர் வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். கரண்டியைப் பல்லில் இடித்துப் பார்ப்பாள், கன்னத்தை அழுத்திப் பார்ப்பாள், கொஞ்சுவாள், ஏசுவாள். எப்படியோ இரண்டு வாய் உள்ளே போனால் அதிகம். ஒரு நாள் அந்தக் கை தட்டில் பட்டுக் கஞ்சி தரையெல்லாம் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் அந்தக் கையைத் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டிவைத்தார்கள். மெதுவாகத்தான் கட்டினார்கள், புண்படாமல்தான் கட்டினார்கள். நல்ல கை அது ஒன்றுதான்.

எங்கள் பேச்சில் வலது கைக்குச் சோத்தாங்கை என்றும் இடது கைக்குப் பீச்சாங்கை என்றும் பெயர். பிறந்த நாளிலிருந்தே அதனதன் வேலையைப் பெயரிலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். இடது கையால் டிக்கெட் கொடுத்ததற்காக ஒரு பெரியவர் என்னிடம் சண்டைபோட்டு வண்டியைவிட்டு இறங்கி நடந்தே போயிருக்கிறார். அதனால் பச்சையம்மா செய்ததில் எனக்கும் அப்போது தப்பாக ஒன்றும் படவில்லை. பெரியவர் தட்டைப் பிடுங்கப் பார்க்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

வெள்ளையனுக்கு ஒரே மகள். கைக்குழந்தைக்காரி. சந்தை நாளில் மட்டும் மலைக்குள்ளிருந்து நடந்து வருவாள். அன்றைக்கு மட்டும் அவர் சாப்பிடுவார், அதுவும் வயிறு நிறைய. சொந்த ரத்தம் ஊட்டினால்தான் சாப்பிடுகிறார், மற்றவர்களிடம் வீம்பு என்று வார்டே தீர்ப்பு எழுதிவிட்டது. சிஸ்டர்களும் அதையே சொன்னார்கள். அந்த மகள் தினமும் வரட்டும் என்றால், அவளுக்குக் காட்டில் வேலை, வீட்டில் மாமியார்.

எனக்குப் படுக்கைப் புண் வரக் கூடாது என்று அவ்வப்போது புரட்டிப் போடுவார்கள், ஒரு வேளை சுவர்ப் பக்கம், ஒரு வேளை வெள்ளையன் பக்கம். ஒரு சந்தை நாளில் நான் அவர் பக்கம் பார்த்துக் கிடந்தேன். மகள் வந்ததும் வார்டுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையை விரித்து ஒரு மறைப்பு கட்டிக்கொண்டாள். வார்டில் மற்றவர்களுக்கு அவள் முதுகுதான் தெரியும். எனக்கு மட்டும் பக்கவாட்டில் எல்லாம் தெரிந்தது. ஒரு சொம்பிலிருந்து அவருடைய இடது கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். விரல் விரலாகத் தேய்த்துக் கழுவி முந்தானையில் துடைத்தாள். பிறகு இலையில் கட்டிவந்த களியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஊட்டவே இல்லை. அவரே இடது கையால் கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்கினார். ஒரு துணுக்குக்கூடச் சிந்தவில்லை.

அவள் திரும்பியபோது என் கண்ணைப் பார்த்துவிட்டாள். முகம் கறுத்துப்போயிற்று. சொல்லாதீர்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் இத்தனை நாளும் தட்டைப் பிடுங்கக் கை நீட்டவில்லை. கை கழுவத் தண்ணீர் கேட்டிருக்கிறார். சோறு என்று வந்து உட்கார்ந்தால் முதலில் கைக்குத் தண்ணீர். பிச்சைக்காரனுக்குக்கூட நம் ஊரில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் இலை போடுவோம். எங்களுக்கு யாரோ ஊட்டுகிறார்கள், எங்கள் கை சோற்றில் படப்போவதில்லை, ஆகவே எங்கள் கையைக் கழுவ வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என் கையை யாராவது கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். குளிப்பாட்டும்போது துடைத்ததுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் அந்த வியாதியில் ஆத்திரத்துக்குக்கூடக் கைகால் கிடையாது.

மறுநாளிலிருந்து அவர் பழையபடி பட்டினி. விலா எலும்பு எண்ணிவிடலாம் போல ஆனார். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா அவர் கட்டிலருகே நின்று, இனிக் காத்திருக்க முடியாது, நாளைக் காலை குழாய் போட்டுவிடலாம் என்று சிஸ்டரிடம் சொன்னார். மூக்கு வழியாக வயிறுவரை ஒரு ரப்பர் குழாயைச் செலுத்தி, அதில் புனல் வைத்துக் கஞ்சியை ஊற்றுவது. பக்கவாதம் வந்தவர்களில் சிலர் வாழும் ஆசையையே விட்டுவிடுவார்கள், இவர் அப்படி என்றார் வருத்தத்தோடு. மூலைக் கட்டிலில் ஏற்கெனவே ஒருவருக்குக் குழாய் இருந்தது. அவர் அதைப் பிடுங்கிவிடாமல் இருக்க அவருடைய இரண்டு கையும் எந்நேரமும் கட்டியேதான் இருக்கும். வெள்ளையனுக்கும் இனி அதுதான். வேளைக்கு வேளை கட்டிய கையை நிரந்தரமாகக் கட்டப் போகிறார்கள்.

எனக்கு அப்போது பேச்சு பாதி வந்திருந்தது, மூக்கால் பேசுகிறவன்போல. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கதவைத் தாண்டிவிட்டார். சிஸ்டர் வந்து, என் முகத்தைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமலே பச்சையம்மாவை அழைத்துக் கட்டிலுக்கடியிலிருந்து பெட்பேனை எடுத்து வைக்கச் சொன்னார். படுத்த படுக்கையாகக் கிடப்பவன் சத்தம் போட்டால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்பது அங்கே சட்டம். வேண்டாம் என்று நான் கத்தக் கத்த, கூச்சப்படாதே என்று தேறுதல் சொன்னாள் பச்சையம்மா.

மகள் வேண்டாம் என்று தலையாட்டியது என் கண்ணிலேயே நின்றது. சொன்னால் அவர்களுக்கு அவமானம், சொல்லாவிட்டால் குழாய். சாயங்காலம் சரசு ஊட்ட வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். பிறகு நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

"பீச்சாங்கையாலயா சாப்டறாரு? அய்ய."

"அவுருக்கு அது ஒண்ணுதான் கீது."

"அதுக்கு இன்னா பண்றது? நாலு பேரு நடுவுல எப்டிங்க? சொம்மா கெடங்க. டாக்டரு பாத்துக்குவாங்க."

"எனுக்கு சோத்தாங்கை வரலன்னா?"

"வரும்."

"வரலன்னா இன்னா பண்ணுவ? கட்டிப் போடுவியா?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் அவள் கை சோறாக இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. மிச்சத்தை ஊட்டாமலே எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு நான் அரை வயிறு. பேசாமல் சாப்பிட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலையில் கொட்டகைப் பக்கமிருந்து களி கிண்டுகிற வாசனை வந்தது. எனக்குக் களி கொடுக்கக் கூடாது, தொண்டைக்கு ஆகாது. யாருக்குக் கிண்டுகிறாள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. சரசு ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் மக்கும், கக்கத்தில் பேசினுமாக உள்ளே வந்து, என்னைத் தாண்டி வெள்ளையனிடம் போனாள். பச்சையம்மா அப்போதுதான் அவர் கையைக் கட்டிவிட்டுக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். சரசு நேராகப் போய்த் துண்டின் முடிச்சை அவிழ்த்தாள்.

"இன்னாமா பண்ற நீ? அத்த அவுக்காத, கொட்டிப்புடும்."

"கை கழுவாத யாருனா சோறு துன்னுவாங்களா?" என்றாள் சரசு.

"அது பீச்சாங்கைமா."

"கழுவுனா அதுவும் கைதான்."

வெள்ளையன் கையை நீட்டினார். சரசு தண்ணீர் ஊற்றினாள். ஒற்றைக் கையை எதன்மேல் தேய்த்துக் கழுவுவது? விரல்களைத் தமக்குள்ளேயே உரசிப் பார்த்தார். அவள் ஒரு கணம் தயங்கினாள், அந்நிய ஆண்பிள்ளை. பிறகு மக்கைக் கீழே வைத்துவிட்டு, சோப்பை எடுத்து, குழந்தைக்குக் கழுவுகிற மாதிரி இரண்டு கையாலும் அவர் கையைத் தேய்த்துக் கழுவினாள். நகத்திடுக்கையும் விடவில்லை. ஸ்டூலில் வைத்த அலுமினியத் தட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. கட்டியிருந்த துண்டையே நனைத்துத் தட்டுக்கு அடியில் மடித்துப் போட்டாள். தட்டு அசையாமல் நின்றது. களி, மேலே கீரைக் கடைசல், ஓரத்தில் உப்பு. பிசையவில்லை.

வார்டு முழுக்க அவரையே பார்த்தது. அவர் கை தட்டுக்கும் மடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். எனக்கு வந்ததே கோபம். எங்கிருந்துதான் சத்தம் வந்ததோ, பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவனை மேலே ஏறச் சொல்கிற என் பழைய குரல், மூக்கு வழியாக என்றாலும் வந்துவிட்டது.

"அவங்கவங்க தட்டப் பாத்துச் சாப்டுங்கய்யா."

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் அவர் முதல் உருண்டையை விழுங்கிவிட்டார்.

டாக்டரம்மா வந்தபோது பின்னால் சிஸ்டர் தட்டில் குழாயோடு நின்றிருந்தார். வெள்ளையன் கடைசலைத் துடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா தட்டுக்கடியில் இருந்த துண்டைப் பார்த்தார். யார் இப்படிக் கொடுத்தது என்று மெதுவாகக் கேட்டார். நாங்கதான்மா, கையக் கழுவி வுட்டோம், சாப்ட்டுட்டாரு என்று உடனே முன்னால் வந்து சொன்னவள் பச்சையம்மா. சரசு அப்போது பேசின் தண்ணீரைக் கொட்ட வெளியே போயிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். குழாய்த்தட்டு திரும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு அந்த வார்டு சொர்க்கமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. பச்சையம்மா சாப்பாட்டுக்கு முன்னால் மக்கும் பேசினுமாகக் கட்டில் கட்டிலாகப் போய்க் கை வராதவர்களின் கையையும் கழுவிவிட ஆரம்பித்தாள், அது உண்மை. தான் கண்டுபிடித்தது மாதிரியே செய்தாள். மூலைக் கட்டில்காரரின் கட்டைக்கூட டாக்டரம்மா அவிழ்க்கச் சொல்லி, பக்கத்தில் ஆள் உட்காரும் வேளையில் அவிழ்த்தார்கள். ஆனால் சோற்றையும் வாழைப்பழத்தையும் சேர்த்துப் பிசைவதை அவள் கடைசிவரை நிறுத்தவில்லை. கேட்டால், "ஒங்களுக்குத் தனித்தனியா வைக்க எனுக்கு எத்தினி கை கீது கண்டக்டரே?" என்பாள். அதை, அத்தனை பேருக்கு ஓர் ஆயாவை வைத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த சந்தை நாளில் மகள் வாசலில் வந்து அப்படியே நின்றுவிட்டாள். எல்லோர் எதிரிலும் அப்பன் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் வேகமாக வந்து முந்தானையை விரித்தாள். அவர் புறங்கையால் அதை ஒதுக்கிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னது தெரிந்துவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குக் கோபமா, இல்லையா, தெரியவில்லை. போகும்போது ஒரு பலாப்பழத்தைச் சரசுவின் ஸ்டவ் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

இங்கேயே முடித்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

மழைக்காலம் தொடங்கும் சமயம் என் விரல்கள் அசைய ஆரம்பித்தன. முதலில் வந்தது இடது கை. வலது கை அதற்கு வெகு நாள் பின்னால் வந்தது, இன்றைக்கும் அது முழுசாக வரவில்லை. நன்றாகப் பிடி வருகிறது, இனி நீங்களே சாப்பிட்டுப் பழகுங்கள், அதுதான் பயிற்சி என்றார் டாக்டரம்மா. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சோத்தாங்கை வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு நாள் வாய் கிழியப் பேசியவன் நான்தான். அடுத்தவர் கை என்றால் அதுவும் கைதான், என் கை என்றால் பீச்சாங்கை. சரசு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அன்று மத்தியானம் அவள் தட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அடியில் ஈரத் துண்டு. ஊட்டவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். சாம்பார் சோறு, தனியாகக் கத்தரிக்காய், தனியாக மோர். எல்லாம் தனித்தனியாக. நான் தட்டைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். வாயைத் திறந்து காட்டினேன். அவள் அசையவில்லை.

ணங் என்று ஒரு சத்தம். வெள்ளையன் தம் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் தண்ணீர் மக்கு. அதைக் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என் பக்கம் நீட்டினார். நீட்டியபடியே இருந்தார். நிரம்பிய மக்கு, விளிம்பில் தளும்பித் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் இடது கையை நீட்டினேன். அவர் இடது கையால் ஊற்றினார். பாதி கையில், பாதி படுக்கையில். மலைத் தண்ணீர், சில்லென்று இருந்தது. விரல்களை ஒன்றோடொன்று உரசிக் கழுவினேன், அவர் அன்றைக்குச் செய்த மாதிரியே. அவர் மக்கை வைத்துவிட்டு, மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சோற்றைக் கூட்டி எடுப்பதற்குள் வேர்த்துவிட்டது. பாதி நெஞ்சில் விழுந்தது. மிச்சத்தை விடாமல் மெதுவாக மேலே கொண்டுபோனேன். அப்போது நிமிர்ந்து பார்த்தால், எதிரே சரசுவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, என் கை கிட்டே வர வர அவள் வாய் தானாகத் திறந்துகொண்டிருந்தது.

"வாய மூடுடி, நான் சாப்ட்டுக்கறேன்" என்றேன்.